மடக்கு நாற்காலியும் இறகு வச்ச தொப்பியும்: நியூ ஹேவன்ல நாலு நாள்

முதல் நாள், வியாழன், அக்டோபர் 30

கிராண்ட் சென்ட்ரல்ல ரயில் ஏறும்போதே மழை பிடிச்சுருச்சு. நியூ ஹேவன் போக ரெண்டு மணி நேரம். கடல் பக்கமா போற லைனாச்சேன்னு ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுப் பிடிச்சு உக்காந்தா கண்ணாடி முழுக்க தண்ணி, அந்தப் பக்கம் கடலா கார் பார்க்கிங்கான்னே தெரியல. பையில ரெண்டு செட் துணி, ஒரு குடை, ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர். அந்தக் கவருக்குள்ள ஒரு கருப்பு ஜெபமாலை. அது என்னோடது இல்ல, அங்கிளோடது.

அங்கிள்னா சொந்தமெல்லாம் கிடையாது. எங்க பங்குல இருந்த பெரியவர், போலந்து வம்சாவளி, எலக்ட்ரீஷியனா இருந்து ரிட்டயர் ஆனவரு. முதல் தடவ அங்கிள்னு கூப்பிட்டப்ப "நான் உன் அப்பாவோட தம்பியா அம்மாவோட தம்பியா"ன்னு கேட்டாரு, ரெண்டும் இல்ல, எங்க ஊர்ல வயசானவங்கள பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராதுன்னு சொன்னேன், அப்ப சரின்னு விட்டுட்டாரு. அதுக்கப்புறம் அவரோட சொந்தப் பேரனுங்களே கிண்டலா அவர அங்கிள்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டானுங்க. இந்த ஜூலைல தவறிட்டாரு. 84 வயசு. அதுல 54 வருஷம் நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்ல உறுப்பினர், 31 வருஷம் எங்க உள்ளூர் கிளையான கவுன்சிலோட ஃபைனான்சியல் செக்ரட்டரி, அதாவது சந்தா வசூல் பண்ணி கணக்கு எழுதுறவரு.

நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்னா என்னன்னு நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு தெரியாது, ஊர்ல இருந்தவரைக்கும் எனக்கும் தெரியாது. நமக்கு தெரிஞ்சதெல்லாம் வின்சென்ட் தே பவுல் சபை, மரியாயின் சேனை இதுங்கதான். இது அமெரிக்காவுல, கனெக்டிகட் மாநிலத்துல நியூ ஹேவன் ஊர்ல 1882-ல தொடங்குன கத்தோலிக்க ஆம்பளைங்க சங்கம். சங்கம்னு சொன்னாலும் பாதி பக்தி சபை, பாதி இன்சூரன்ஸ் கம்பெனி, பாதி நம்ம ஊர் நண்பர்கள் நற்பணி மன்றம். மூணு பாதி வருதேன்னு கேக்காதீங்க, உள்ள போய் பாத்தா அப்படித்தான் இருக்கு. இன்னைக்கு உலகம் பூரா சுமார் 20 லட்சம் பேர் இருக்காங்க, இன்சூரன்ஸ் மட்டுமே 100 பில்லியன் டாலருக்கு மேல.

அங்கிள நான் முதல் முதல்ல பாத்தது கோவில்ல இல்ல, ஒரு சூப்பர் மார்க்கெட் வாசல்ல. மஞ்ச ஏப்ரன் மாட்டிக்கிட்டு கையில ஒரு டப்பா, இன்னொரு கையில டூட்ஸி ரோல் மிட்டாய். நான் அமெரிக்கா வந்து மூணு மாசம், எவனாவது எதையாவது விக்க வந்தாலே ஒதுங்கிப் போற காலம் அது, தலையக் குனிஞ்சுக்கிட்டே தாண்டிப் போனேன். பின்னாடியே வந்து "காசு வேணாம்பா, மிட்டாய வாங்கிக்கோ"ன்னு கையில திணிச்சாரு. அந்த வசூல் மனவளர்ச்சி குறைஞ்ச பிள்ளைகளுக்காக, வருஷா வருஷம் நைட்ஸ் ஆளுங்க பண்றதுன்னு எனக்குப் பின்னாடிதான் தெரியும். அடுத்த ஞாயித்துக்கிழமை பூசையில பாத்தா அதே ஆளு காணிக்கை தட்டோட என் வரிசையில நிக்கிறாரு. "மிட்டாய் எப்படி இருந்துச்சு"ன்னாரு. அப்படி ஆரம்பிச்சது.

அப்ப எதுக்கு இந்தப் பயணம்னா, நியூ ஹேவன்ல இருந்து கார்ல நாலு மணி நேரத் தூரத்துல வாழ்ந்துக்கிட்டு 54 வருஷமா அங்கிள் ஒரு தடவ கூட இங்க வந்ததில்ல. ஒவ்வொரு வருஷமும் போகணும் போகணும்னு சொல்லுவாரு, தவக்காலத்துல வெள்ளிக்கிழமை மீன் ஃப்ரை விருந்து, கோடையில பிக்னிக், அக்டோபர்ல குளிர் கோட்டு வாங்கிக் கொடுக்குறது, நவம்பர்ல செத்தவங்களுக்குப் பூசைன்னு ஏதாவது ஒண்ணு வந்துரும். அடக்கம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு ஆன்ட்டி அந்த ஜெபமாலைய எடுத்துக் கொடுத்தாங்க, 1971-ல சேந்தப்ப சங்கத்துல கொடுத்தது. சங்கத்த ஆரம்பிச்ச சாமியாரோட கல்லறையில வச்சு ஒரு தடவ சொல்லிட்டு வா, அவர் போகவே மாட்டாருன்னு எனக்கு அப்பவே தெரியும்னாங்க.

ஸ்டேஷன விட்டு வெளிய வந்ததும் மழைக்கு நடுவுல முதல்ல தெரிஞ்சது அவங்க தலைமையகம்தான். 23 மாடி, நாலு மூலையிலயும் நாலு உருளை, கருஞ்செவப்பா காப்பிப்பொடி கலர்ல ஓடு ஒட்டி, நடுவுல இரும்புச் சட்டத்துல தொங்குற மாதிரி மாடிங்க. 1969-ல கெவின் ரோச்சுங்குற ஆர்க்கிடெக்ட் கட்டுனது. அந்த நாலு உருளையும் சங்கத்தோட நாலு கொள்கையாம், அன்பு, ஒற்றுமை, சகோதரத்துவம், தேசப்பற்று. எனக்கு என்னமோ நாலு தானிய சைலோவுக்கு நடுவுல ஆபீஸ் கட்டுன மாதிரிதான் இருந்துச்சு. அங்கிள் வீட்டு ஃப்ரிட்ஜ்ல இந்தக் கட்டடத்தோட படம் போட்ட காந்தம் ஒண்ணு இருக்கும், சந்தா பில்லெல்லாம் அதுலதான் சொருகி வச்சிருப்பாரு.

ஹோட்டல்ல ரூம் ஹீட்டர் வேலை செய்யல. கீழ போய் சொன்னா போர்வை ஒண்ணு எக்ஸ்ட்ரா கொடுத்தாங்க, அவ்வளவுதான். தூங்கப் போறேன்.

ரெண்டாம் நாள், வெள்ளி, அக்டோபர் 31

இன்னைக்கு தேதிய பாத்துத்தான் வந்தேன். 2020-ல இதே அக்டோபர் 31 அன்னைக்குத்தான் சங்கத்த ஆரம்பிச்ச ஃபாதர் மைக்கேல் மெக்கிவ்னிக்கு ஹார்ட்ஃபோர்டு கதீட்ரல்ல முத்திப்பேறு பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தின படி, கொடுத்தாங்க. கொரோனா நேரம், கோவிலுக்குள்ள கொஞ்ச பேருதான். அங்கிள் வீட்ல டிவியில பாத்தோம், நானும் மாஸ்க் போட்டுக்கிட்டு சோபாவோட அந்தக் கடைசியில உக்காந்திருந்தேன். கர்தினால் டோபின் வாசிச்சு முடிச்சதும் அங்கிள் எந்திரிச்சு போய் அடுப்படியில எதையோ தேடுற மாதிரி ரொம்ப நேரம் நின்னாரு. ஆன்ட்டி என்னைப் பாத்து கண்ணக் காமிச்சாங்க, போகாதன்னு.

செயின்ட் மேரிஸ் கோவில் ஹில்ஹவுஸ் அவென்யூவுல இருக்கு. மரங்க எல்லாம் மஞ்சளும் செவப்புமா, ரெண்டு பக்கமும் அந்தக் காலத்து மாளிகைங்க, இப்ப எல்லாமே கிட்டத்தட்ட யேல் யுனிவர்சிட்டி கையில. அந்தத் தெருவோட வாசல்ல கல்லு கட்டடமா கோவில் நிக்குது. 1870-ல அடிக்கல், 1874-ல அர்ச்சிப்பு. பணக்காரங்க தெருவுல ஃபேக்டரி வேலைக்குப் போற ஐரிஷ்காரன் கோவில் கட்டிட்டான்னு அப்ப பெரிய பொருமல். 1879-ல நியூயார்க் டைம்ஸே உயர்குடி அவென்யூ ஒண்ணு ரோமன் கோவிலால எப்படி கறைபட்டுச்சுன்னு தலைப்பு போட்டு எழுதுச்சு. பத்திரிகையே அப்படி எழுதுதுன்னா தெருவுல என்ன பேசியிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. போதாக்குறைக்கு கோவில் மேல ஏகப்பட்ட கடன். இருந்த காசுக்கு கோபுரம் கூட முழுசா வைக்க முடியல, இப்ப இருக்குற ஊசிக் கோபுரம் நூறு வருஷம் கழிச்சு நைட்ஸ் வச்சது.

இந்தக் கோவிலுக்கு துணைப் பங்குசாமியா வந்தவருதான் மெக்கிவ்னி. 1877 டிசம்பர்ல பால்டிமோர்ல குருப்பட்டம், வந்தப்ப வயசு 25. வாட்டர்பரி ஊர்க்காரரு, 13 பிள்ளைங்கள்ல மூத்தவரு, அதுல ஆறு பேர் சின்னதுலயே செத்துட்டாங்க. அப்பா பித்தளை ஆலையில வார்ப்பு வேலை. இவர் குருமடத்துல படிச்சுக்கிட்டு இருக்கும்போதே 1873-ல அப்பா இறந்துட்டாரு, படிப்ப விட்டுட்டு வீட்டுக்கு வர வேண்டிய நிலைமை, அப்புறம் பிஷப் உதவி பண்ணித்தான் திரும்பப் போனாரு. இது தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும்.

அந்தக் காலத்துல ஆலையில வேலை பாக்குறவன் நிமோனியாவுலயோ விபத்துலயோ போயிட்டா குடும்பம் அன்னைக்கே நடுத்தெரு. பிள்ளைங்களுக்கு வழி இருக்குன்னு கோர்ட்ல காட்டலைன்னா அரசாங்க விடுதிக்கு அனுப்பிருவாங்க. 1882 பிப்ரவரில அப்படி ஒரு குடும்பத்துக்காக, அப்பா செத்துப்போன ஒரு பையனுக்காக, மெக்கிவ்னியே கோர்ட்ல போய் நான் கார்டியனா இருக்கேன்னு நின்னாரு. ஆனா ஒரு சாமியார் எத்தன பிள்ளைக்கு கார்டியனா நிக்க முடியும். ஃப்ரீமேசன் மாதிரி சங்கங்கள்ல சேந்தா இன்சூரன்ஸ் உண்டு, ஆனா அந்த மாதிரி ரகசிய சங்கத்துல சேரக்கூடாதுன்னு திருச்சபை தடை. அப்ப நாமளே ஒண்ணு ஆரம்பிப்போம்னு, அந்தக் கோர்ட் விஷயத்துக்கு முன்னாடியே, 1881 அக்டோபர் 2-ம் தேதி இந்தக் கோவிலோட பேஸ்மென்ட்ல கொஞ்சம் பேர கூட்டி உக்கார வச்சாரு. ஒருத்தன் செத்தா மத்தவங்க எல்லாரும் ஆளுக்கு கொஞ்சம் போட்டு அவன் பொண்டாட்டி கையில கொடுக்கணும், முதல் திட்டம் அவ்வளவுதான். 1882 மார்ச் 29-ல கனெக்டிகட் சட்டசபை பதிவு கொடுத்துச்சு.

பேருக்குத்தான் ஒரு கதை. மெக்கிவ்னி யோசிச்சது சன்ஸ் ஆஃப் கொலம்பஸ். சிவில் வார்ல சண்டை போட்ட ஜேம்ஸ் மல்லன்னு ஒருத்தரு, அவருதான் முதல் தலைவர், நைட்ஸ்னு வைப்போம்னாரு. அந்த ஒரு வார்த்தையில இருந்துதான் வாளு, தோள்ல போடுற கேப்பு, இறகு வச்ச தொப்பி எல்லாம் பின்னாடி வந்து சேந்துச்சு. கொலம்பஸ் எதுக்குன்னா, நீ கத்தோலிக்கன், போப்புக்கு அடிமை, அமெரிக்கன் இல்லன்னு சொல்றவன்கிட்ட, இந்த நாட்டுக்கு வழி கண்டுபிடிச்சவனே கத்தோலிக்கன்தான்டான்னு காட்டுறதுக்கு. அன்னைக்கு அது சரியான பதிலடி. இன்னைக்கு அந்தப் பேர சொன்னா இந்த மண்ணோட பழங்குடி மக்களுக்கு வேற எதுவோ ஞாபகம் வரும், அதுவும் நியாயம்தான். இங்க வூஸ்டர் ஸ்கொயர்ல 1892-ல இருந்து நின்ன கொலம்பஸ் சிலைய 2020 ஜூன்ல எடுத்துட்டாங்க. சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன், இப்ப அங்க குடியேற வந்த குடும்பம் ஒண்ணோட சிலை. அங்கிள்கிட்ட இதப்பத்தி ஒரு தடவ சண்டையே போட்டிருக்கேன். அவரு கடைசில சொன்னது, "சிலைய எடுத்துட்டா எடுத்துட்டுப் போறான், இன்சூரன்ஸ எடுக்கலல்ல."

கோவில்ல கல்லறை பின்பக்கம், உள்ள நுழைஞ்சதும். பளபளன்னு தேச்ச கிரானைட் பெட்டி. 1890-ல செத்தப்ப வாட்டர்பரியில அடக்கம் பண்ணினது, சங்கத்தோட நூறாவது வருஷத்த ஒட்டி இங்க கொண்டு வந்தாங்க. நான் போனப்ப ஒரு பிலிப்பினோ குடும்பம், ஒரு பாட்டி, வேற யாரும் இல்ல. ஜெபமாலைய எடுத்தேன். கவருக்குள்ள இருக்கும்போது தெரியல, கையில எடுத்தா மூணாவது பத்துல ஒரு மணி காணோம், அதுக்குப் பதிலா மெல்லிசான செம்புக் கம்பிய முறுக்கி ஒரு முடிச்சு. எலக்ட்ரீஷியன் வேலை. கல்லு மேல வச்சு சொல்ல ஆரம்பிச்சேன், இங்கிலீஷ்ல ஆரம்பிச்சது எப்ப தமிழுக்கு மாறுச்சுன்னு தெரியல, அருள் நிறைந்த மரியாயேன்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன் போல, அந்தப் பாட்டி திரும்பிப் பாத்தாங்க.

தமிழ்ல வந்ததுக்கு காரணம் இருக்கு. 2016-ல ஊர்ல அப்பா தவறுனப்ப என்னால போக முடியல. விசா பேப்பர் நடுவுல மாட்டிக்கிச்சு, வெளிய போனா திரும்ப வர முடியாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. அடக்கத்த வாட்ஸ்அப் வீடியோவுல பாத்தேன், அதுவும் நடுவுல கட் ஆகி கட் ஆகி. அன்னைக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு கதவத் தட்டுற சத்தம். தொறந்தா அங்கிள், அவருக்குப் பின்னாடி மாடிப்படி முழுக்க வரிசையா பதினோரு பேரு, ஒவ்வொருத்தர் கக்கத்துலயும் ஒரு மடக்கு நாற்காலி. பாரிஷ் ஹால்ல இருந்து எடுத்துட்டு வந்திருக்காங்க. என் அப்பார்ட்மென்ட்ல ரெண்டு நாற்காலிதான் இருக்குன்னு அவருக்குத் தெரியும், ஒரு தடவ வந்தப்ப பாத்திருக்காரு. ஒரு வார்த்த பேசல, சோபாவ சொவரோரமா நகத்தி, நாற்காலிய விரிச்சு, உக்காந்து, ஜெபமாலை. அப்பா பேர் வர்ற இடத்துல எல்லாம் ஆளாளுக்கு ஒரு மாதிரி சொன்னாங்க, ஒருத்தருக்குக் கூட சரியா வரல. முடிஞ்சதும் நாற்காலிய மடக்குனாங்க, கெளம்பிட்டாங்க. எங்க ஊர்லயும் எழவு வீட்டுக்கு முதல்ல வர்றது நாற்காலிதான், அத நான் அவங்ககிட்ட சொன்னதே இல்ல.

அதுவரைக்கும் மூணு வருஷமா நான் அவருக்குப் பிடி கொடுக்காம ஓடிக்கிட்டு இருந்தேன். சேர்றதுக்கான படிவத்துக்கு ஃபார்ம் 100-னு பேரு, அது எப்பவும் நாலா மடிச்சு அவர் சட்டைப் பையில இருக்கும். எனக்கு அந்த டிரெஸ்ஸ பாத்தாலே சிரிப்பு. நாலாவது டிகிரி, அதாவது சங்கத்தோட மேல் படியில இருக்குற ஆளுங்க, ஊர்வலத்துல கேப்பு, வாளு, பெரிய இறகு வச்ச தொப்பின்னு வருவாங்க, ராஜபார்ட் நாடகத்துக்கு வந்த மாதிரி இருக்கும். இதப் போய் சீரியஸா எப்படி எடுத்துக்கிறதுன்னு நினைச்சேன். நாற்காலி வந்த அடுத்த வாரம் நானே ஃபார்ம கேட்டு வாங்கி எழுதுனேன். அவரு தொழில்ங்குற இடத்துல நான் எழுதுனத பாத்துட்டு, "சாஃப்ட்வேரா, அப்ப கம்ப்யூட்டர்ல கணக்கு ஏத்துறத நீ பாத்துக்கோ"ன்னாரு. வேற ஒண்ணுமே சொல்லல.

கோவில விட்டு வெளிய வந்தா தெருவே வேஷம் கட்டி நடக்குது. ஹாலோவீன் இல்லையா, யேல் பசங்க பேயும் பிசாசுமா கும்பல் கும்பலா போறாங்க. அதுல ஒருத்தன் கருப்பு கேப்பு, இடுப்புல வாளு, தலையில வெள்ளை இறகு வச்ச தொப்பி. கடற்கொள்ளையன் வேஷம்னு நினைக்கிறேன். எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டுச்சு. 2017-ல சங்கம் அந்தப் பழைய உடுப்ப மாத்தி நீலக் கோட்டும் பெரே தொப்பியும்னு கொண்டு வந்தப்ப அங்கிள் ஒரு மாசம் யார்கூடவும் சரியா பேசல. "பீட்சா கொண்டு வர்ற பையன் மாதிரி இருக்கு"ன்னுதான் அந்தத் தொப்பிய சொல்லுவாரு. ஆனா புது உடுப்ப முதல் ஆளா காசு கட்டி வாங்குனவரும் அவருதான், உத்தரவு உத்தரவுதானாம். அவர் சவப்பெட்டி பக்கத்துல காவல் நின்ன ஆறு பேரும் பெரேதான் போட்டிருந்தாங்க. பழைய தொப்பிய மட்டும் ஆன்ட்டி ஒரு ஸ்டூல் மேல வச்சிருந்தாங்க, இறகு கொஞ்சம் பூச்சி அரிச்சு. அந்தக் கொள்ளைக்காரப் பையன நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன். ஆன்ட்டிக்கு அனுப்புனேன். சிரிப்பு எமோஜி பதினஞ்சு வந்துச்சு.

நடுவுல ஸ்டேட் ஸ்ட்ரீட்ல இருக்குற அவங்க மியூசியத்துக்கும் போனேன், இப்ப மெக்கிவ்னி யாத்திரை மையம்னு பேர் மாத்தியிருக்காங்க, காசு கிடையாது. முதல் உலகப் போர்ல இந்தச் சங்கம் படையாளுங்களுக்கு ஓய்வுக் குடில் நடத்துச்சு, எல்லாரும் வரலாம், எல்லாம் இலவசம்ங்குறதுதான் அவங்க முழக்கமே, மதமோ நிறமோ பாக்காம உள்ள விட்டாங்க. எங்க மீன் ஃப்ரையில டிக்கெட் இல்லாம வந்து நிக்கிறவங்கள உள்ள விடுறதுக்கு அங்கிள் இந்த வரியத்தான் சொல்லுவாரு. டிக்கெட் கணக்கு இடிக்கும், அது என் தலையில விடியும்.

மூணாம் நாள், சனி, நவம்பர் 1

சகல புனிதர்கள் திருநாள். காலையில பூசை பாத்துட்டு வாட்டர்பரிக்கு ரயில். நேரா போக முடியாது, பிரிட்ஜ்போர்ட் போய் மாறணும். அங்க கனெக்‌ஷன விட்டுட்டேன், என் தப்புதான், பிளாட்பாரத்துல நின்னு ஃபோன பாத்துக்கிட்டே இருந்தேன், வண்டி எதிர்ல நின்னு கெளம்பிப் போச்சு. அடுத்த வண்டி வர்றவரைக்கும் ஒரு பேகல், ரெண்டு காப்பி.

வாட்டர்பரி லைன் சின்ன வண்டி, ஆத்தோரமாவே போகுது. ரெண்டு பக்கமும் மூடிப்போன ஆலைங்க, ஜன்னல் இல்லாத செங்கல் செவுரு, அதுக்குள்ள மரம் மொளச்சு நிக்குது. வழியில ஆன்சோனியா ஸ்டேஷன் வந்துச்சு. இந்த ஊர் போலீஸ் தலைவர 1880-ல குடிபோதையில சுட்டுக் கொன்னவன் சிப் ஸ்மித்னு ஒரு சின்னப் பையன். தூக்குன்னு தீர்ப்பு. நியூ ஹேவன் ஜெயில்ல கடைசி வரைக்கும் அவன போய்ப் பாத்துக்கிட்டு இருந்தது மெக்கிவ்னிதான். 1882 செப்டம்பர் 1-ல தூக்குல போட்டப்பவும் கூட நின்னாரு. சங்கம் பதிவான அதே வருஷம். ஒரு பக்கம் சந்தா கணக்கு, இன்னொரு பக்கம் தூக்குமேடை. ரயில் ரெண்டு நிமிஷம்தான் நின்னுச்சு, ஒரே ஒரு அம்மா மளிகைப் பையோட ஏறுனாங்க.

வாட்டர்பரியில இறங்குனா தலைக்கு மேல 240 அடி மணிக்கூண்டு. 1909-ல கட்டுன ஸ்டேஷன், இத்தாலியில சியன்னா நகரத்துக் கோபுரத்த பாத்து வச்சது. ஒரு காலத்துல அமெரிக்காவோட பித்தளை தலைநகரம் இது, இப்ப கொஞ்சம் களையிழந்து கெடக்கு. மலைமேல பெரிய சிலுவை தெரியும். 1950-கள்ல ஒரு வக்கீல் பைபிள் ஊர்னு சின்னச் சின்ன வீடா கட்டி வச்ச இடம், 1984-ல மூடிட்டாங்க. மெக்கிவ்னி சிலை டவுன்டவுன்ல, ரோடுங்க சந்திக்கிற இடத்துல நிக்குது. பக்கத்துல ஒருத்தர் சாப்பாட்டுப் பொட்டலத்த பிரிச்சு வச்சு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு, என்னைப் பாத்து "நைட்டா"ன்னு கேட்டாரு, ஆமான்னேன். "என் அப்பாவும்தான்"னு சொல்லிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பிச்சுட்டாரு.

தாமஸ்டனுக்கு வண்டி புக் பண்ணிப் போனேன். கடிகாரக்காரர் செத் தாமஸ் பேர்ல உள்ள ஊரு, ஃபேக்டரி ஊர்தான் இதுவும். 1884-ல மெக்கிவ்னிய இங்க பங்குசாமியா மாத்திட்டாங்க. சங்கத்த ஆரம்பிச்சு ரெண்டரை வருஷம்தான் ஆகுது, நல்லா சூடு பிடிக்கிற நேரம். தலைமையில உக்காரணும்னு அவர் நினைக்கல, பொறுப்ப உறுப்பினருங்க கையில விட்டுட்டு வந்துட்டாரு. இங்கதான் 1890 ஆகஸ்ட் 14-ல நிமோனியாவுல செத்தாரு, 38 வயசு முடிஞ்சு ரெண்டு நாள். அப்ப சங்கம் அவர் கண்ணுக்கு எட்டுன வரைக்கும் பெருசாயிருந்துச்சா இல்லையா, தெரியல, அவர் பாக்காத அளவுக்கு பெருசாச்சுங்குறது மட்டும் நிச்சயம். எங்க கவுன்சில்ல ஃபைனான்சியல் செக்ரட்டரி பதவிய 31 வருஷம் பாத்த அங்கிளும் ஒரு தடவ கூட கிராண்ட் நைட், அதாவது கவுன்சில் தலைவர் பதவிக்கு நிக்கல, கேட்டா "பேசுறதுக்கு ஆள் கிடைக்கும், கவர் ஒட்டுறதுக்குத்தான் ஆள் கிடைக்காது"ம்பாரு.

கவர்னு சொன்னதும் ஞாபகம் வருது. சந்தா கட்டாதவங்கள நீக்கப் போறோம்னு நோட்டீஸ் அனுப்பணும், அது அவர் வேலை. அவர் அத அனுப்பவே மாட்டாரு. காரை எடுத்துக்கிட்டு வீட்டுக்கே போயிருவாரு. நான் ரெண்டு மூணு தடவ கூடப் போயிருக்கேன். சந்தாவப்பத்தி வாயத் தொறக்க மாட்டாரு, காப்பி குடிப்பாரு, ஃப்யூஸ் போயிருந்தா மாத்துவாரு, முட்டி வலி எப்படி இருக்குன்னு கேப்பாரு. பாதி பேருக்கு காசில்லாதது காரணமே இல்ல. பொண்டாட்டி செத்தப்புறம் தபாலே பிரிச்சுப் பாக்காதவரு ஒருத்தரு, கண்ணு தெரியாம போனத வெளிய சொல்லாதவரு ஒருத்தரு. திரும்பி வரும்போது கார்ல, "சந்தா நின்னா ஆளு விழுந்துட்டான்னு அர்த்தம்"னாரு. அவருக்கே ஒரு கட்டத்துல ஆயுள் உறுப்பினர்னு சந்தா தள்ளுபடி ஆச்சு, அப்பவும் வருஷா வருஷம் செக் எழுதி, செக்ரட்டரிங்குற முறையில தனக்குத்தானே ரசீதும் எழுதி, அதே ஃப்ரிட்ஜ் காந்தத்துல சொருகி வச்சுக்குவாரு. நான் ஏத்தி வச்ச கம்ப்யூட்டர் கணக்குல அதுக்கு இடமே இல்ல, "இதரம்"னு போட்டேன்.

கால் வலி. இன்னைக்கு இவ்வளவு போதும்.

நாலாம் நாள், ஞாயிறு, நவம்பர் 2

கல்லறைத் திருநாள். ஊர்ல இந்நேரம் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தியும் சாமந்தியும்தான், அப்பா கல்லறைக்கு அம்மா வெள்ளையடிச்சு போட்டோ அனுப்பியிருந்தாங்க. இங்க செயின்ட் மேரிஸ்ல இறந்தவங்க பேர் எழுத ஒரு நோட்டு வச்சிருந்தாங்க. அங்கிள் பேர எழுதுனேன், அடுத்த வரியில அப்பா பேர தமிழ்ல எழுதுனேன். எனக்குப் பின்னாடி நின்னவங்க அந்த எழுத்த கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு அதுக்குக் கீழ அவங்க பேர எழுதுனாங்க.

பூசை முடிஞ்சு ஸ்டேஷனுக்கு நடந்து வரும்போது ஆன்ட்டி கூப்பிட்டாங்க. நாலாவது டிகிரி ஆள் யாராவது செத்தா அசெம்பிளி, அதாவது நாலாவது டிகிரி ஆளுங்களோட கிளை சார்பா அவர் பேர் பொறிச்சு ஒரு பூசைப் பாத்திரம் வாங்கி ஏதாவது சாமியாருக்குக் கொடுக்குறது வழக்கம். அங்கிளோடது தயாராயிருச்சாம். யாருக்குக் கொடுக்கலாம்னு அசெம்பிளியில கேட்டிருக்காங்க, ஆன்ட்டி என்னைக் கேக்குறாங்க, ஜனவரில நீ ஊருக்குப் போறேல்ல, உங்க பங்குல வேணுமான்னு கேட்டுப் பாருன்னு.

ரயில் கெளம்புறதுக்கு இருபது நிமிஷம் இருந்துச்சு. பெஞ்சுல உக்காந்து அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அங்க ராத்திரி ஆயிருச்சு, கல்லறையில இருந்து வந்து குளிச்சுட்டு இருந்தாங்களாம். விஷயத்த சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"எய்யா, அந்த நாக்காலி கொண்டாந்தவரா?"

"ஆமாம்மா."

"சாமியார்கிட்ட நான் சொல்லுதேன். கிண்ணத்துக்கு அடியில பேரு இருக்கும்னியே, அது எப்படிச் சொல்லணும்? பூசையில பேரு வாசிக்கச் சொல்லணும்லா."

சொன்னேன். போலந்துப் பேரு, எனக்கே ஒரு வருஷம் ஆச்சு சரியா வர. அம்மா திருப்பிச் சொன்னாங்க, தப்பு. மறுபடி சொன்னேன், மறுபடி தப்பு. ரயில் வந்து நின்னுருச்சு, ஏறி உக்காந்து, வண்டி கெளம்பி பிரிட்ஜ்போர்ட் தாண்டுற வரைக்கும் அம்மா அந்தப் பேர ஒவ்வொரு எழுத்தா சொல்லிக்கிட்டே இருந்தாங்க.